துண்டுச் சீட்டும் சில்லுப் போட்டியும்

இக்காலத்திலே 'போட்டி' என்னும் சொல்லுக்குக் கிடைத்துள்ள மதிப்பு வேறெந்தச் சொல்லுக்கும் இல்லை எனலாம். கம்பனிகள் தம்முள் போட்டியிட்டால் விலை குறையும், பொருள் சிறக்கும், வாங்குவோன் அரசனாவான் என்பது நாள்தோறும் ஓதப்படும் வேதம். அண்மைக் காலமாக இவ்வேதத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது, வரைகலைச் சில்லு செய்யும் கம்பனிகளுக்கிடையே நடைபெறும் போட்டியாகும். என்விடியா முந்துகின்றதா, ஏ.எம்.டி. எட்டிப் பிடிக்குமா, இன்டெல் எழுந்து நிற்குமா என்று குதிரைப் பந்தயச் செய்தி எழுதுவதுபோல எழுதுகின்றனர். நுவரெலியாவின் பந்தயத் திடலிலே துரைமாரின் குதிரைகள் ஓடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த தோட்டத் தொழிலாளிக்கு எந்தக் குதிரை வென்றாலும் மறுநாட் காலை பெரட்டுக் களம் மாறியதில்லை. இச்செய்திகளைப் படிக்கும் நம் நிலையும் அதுதானோ என்ற ஐயம் நமக்கு எழுகின்றது.

இந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளும் தகுதி மலையகத்தாருக்கு உண்டு. ஏனெனில் பெருமுதலாளிகளின் போட்டியை நாம் நூலிலே கற்றவர்களல்லர். அதன் நடுவே வாழ்ந்தவர்கள். எனவே சில்லுப் போட்டியை, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நம் முன்னோர் கண்ட போட்டியின் துணைகொண்டு மதிப்பிட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இந்தச் சில்லு எத்தகையது என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கணினியின் மையச் செயலி ஒரு தேர்ந்த கணக்கப்பிள்ளையைப் போன்றது. சிக்கலான கணக்குகளையும் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிக்க வல்லது. வரைகலைச் சில்லோ மலையில் நிரை பிடித்து நிற்கும் கொழுந்தாட்களைப் போன்றது. ஆயிரக்கணக்கான சிறு கணிப்பிகள், ஒரே வகையான எளிய வேலையை ஒரே நேரத்திற் செய்கின்றன. திரையிலுள்ள இலட்சக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே கணத்தில் நிறந்தீட்ட வேண்டிய கணினி விளையாட்டுக்கு இத்தகைய கூட்டுழைப்பே தேவைப்பட்டது. ஆகவே இச்சில்லு பிறந்ததும் வளர்ந்ததும் விளையாட்டுக் களத்திலேதான்.

அந்தக் களத்திலே போட்டி உண்மையாகவே இருந்தது என்பதை நாம் மறுக்கவில்லை. 1985இல் கனடாவில் ஏ.டி.ஐ. தோன்றியது. 1993இல் அமெரிக்காவில் என்விடியா தோன்றியது. 1996இல் 3டிஎஃப்எக்ஸ் என்னும் கம்பனி வெளியிட்ட 'வூடு' அட்டை விளையாட்டு உலகையே ஆட்கொண்டது. மூன்றாண்டுக்குள் என்விடியா 'ஜீஃபோர்ஸ் 256' என்ற சில்லைக் கொணர்ந்தது. ஆண்டுதோறும் வேகம் பெருகிற்று. நேற்று பல்லாயிரம் டொலர் பெறுமதியான பொறிகளால் மட்டுமே இயன்ற காட்சி, இன்று வீட்டுக் கணினியில் இயன்றது. ஆனால் அப்போட்டியின் முடிவு என்ன? 2000ஆம் ஆண்டின் இறுதியில் 3டிஎஃப்எக்ஸின் சொத்துகளை என்விடியா வாங்கிக்கொள்ள உடன்பாடாயிற்று. 2006இல் ஏ.டி.ஐ.யை 540 கோடி டொலருக்கு ஏ.எம்.டி. விழுங்கிற்று. பல குதிரைகளுடன் தொடங்கிய ஓட்டத்தில் இரண்டே எஞ்சின. 2022இல் 'ஆர்க்' அட்டைகளோடு மீண்டும் நுழைந்த இன்டெல், மூன்றாவதாகப் பின்னால் வருகின்றது.

லயன் அறையிலே வாழும் நம் பிள்ளைகளும் இவ்விளையாட்டுக்கு அந்நியர் அல்லர். அவர்களிடம் கணினி இல்லாதிருக்கலாம். மலிவான கைப்பேசி இருக்கின்றது. அக்கைப்பேசியில் ஓடும் துப்பாக்கி விளையாட்டைத் தீட்டுவதும் ஒரு வரைகலைச் சில்லுதான். பல கைப்பேசிகளில் உள்ள 'அட்ரினோ' என்னும் சில்லின் வழிமரபு வியப்புக்குரியது. ஏ.எம்.டி. தன் கைப்பேசி வரைகலைப் பிரிவை 2009இல் குவால்கம் கம்பனிக்கு 6.5 கோடி டொலருக்கு விற்றது. அவ்வழி வந்ததே இது. 'ரேடியன்' என்ற பழைய பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அமைத்ததே 'அட்ரினோ' என்னும் பெயர். கலிபோர்னியாவிலே கைமாறிய சொத்து நோர்வூட்டிலே ஒரு சிறுவனின் உள்ளங்கையில் ஒளிர்கின்றது. ஆனால் அவன் அங்கே வாங்குவோனாக மட்டுமே இருக்கின்றான். இதனை மறவாதிருப்போம்.

விளையாட்டுக் கருவி அறிவுக் கருவியாக மாறிய கதை அடுத்தது. 2006இல் என்விடியா 'கியூடா' என்னும் மென்பொருள் அமைப்பை அறிவித்தது. மறு ஆண்டு அது பயன்பாட்டுக்கு வந்தது. படந்தீட்டும் சில்லைக் கொண்டு எந்தக் கணக்கையும் செய்விக்க அது வழி திறந்தது. 2012இல் டொரொண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஷெவ்ஸ்கி, சுட்ஸ்கெவர், ஹிண்டன் ஆகிய மூவர், கடையில் வாங்கத்தக்க இரண்டு விளையாட்டு அட்டைகளைக் கொண்டு, ஏறக்குறைய 12 இலட்சம் படங்களை இனங்காணக் கற்ற ஒரு வலைப்பின்னலை உருவாக்கினர். இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பெருக்கின் ஊற்று அங்கேயே தொடங்கிற்று. மூவரின் பெயரை உலகம் அறியும். ஆனால் அவர்கள் பயன்படுத்திய 'இமேஜ்நெட்' படத் தொகுதியை வகைப்படுத்தி, இது நாய், இது படகு என்று ஒவ்வொன்றாகப் பெயரிட்டவர்கள் 167 நாடுகளிற் பரந்திருந்த ஏறத்தாழ 49,000 பேர். இணையத்தின் வழியே துண்டு துண்டாக வேலை பெற்றுச் சில்லறைக் கூலிக்கு உழைத்தவர்கள். தேநீர்க் கோப்பையிலே கம்பனியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும், கொழுந்தெடுத்தவளின் பெயர் பொறிக்கப்பட்டிருக்காது என்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

2022 நவம்பரில் 'சாட்ஜிபிடி' வெளியான பின் இச்சில்லுக்கு எழுந்த தேவை அளவு கடந்தது. 2025 ஒக்டோபரில் என்விடியாவின் சந்தை மதிப்பு 5 இலட்சம் கோடி டொலரைத் தொட்டது. எந்தக் கம்பனியும் அதற்கு முன் எட்டாத உயரம் அது. ஏ.எம்.டி. 2023இன் இறுதியில் எம்.ஐ.300 என்னும் வரிசையைக் களமிறக்கியது. கூகுள் முதலிய பெருங்கம்பனிகள் தமக்கெனத் தனிச் சில்லுகள் செய்கின்றன. இவ்வாறிருக்க, போட்டி இல்லையென்று எவ்வாறு கூறலாம் என்று கேட்பர். போட்டி உண்டு. நம் வினா அதுவன்று. அப்போட்டியிலே உழைப்போனும் பயன்படுத்துவோனும் ஓரிடம் விட்டு இன்னோரிடம் செல்லும் உரிமை பெற்றிருக்கின்றனரா என்பதே நம் வினா.

இங்கேதான் கியூடாவின் மறுபக்கத்தை நோக்க வேண்டும். உலகெங்கும் ஆய்வாளரும் பொறியியலாளரும் இரு பத்தாண்டுகளாக எழுதிய நிரல்களிற் பெரும்பகுதி அவ்வமைப்பின்மீதே எழுந்தது. கியூடா என்விடியாவின் சில்லில் மட்டுமே ஓட உருவானது. வேறொரு சில்லு மலிவாகக் கிடைத்தாலும், எழுதிய நிரலைப் பெயர்த்துக்கொண்டு போவது எளிதன்று. அதன் மென்பொருளால் உண்டாகும் விளைவை ஆராய்ந்து பிற கம்பனிச் சில்லுக்கு மாற்றியமைத்தலாகாது என்று உரிம விதியும் தடுக்கின்றது. ஏ.எம்.டி. 2016இல் திறந்த மென்பொருள் அமைப்பொன்றை வெளியிட்டும் இந்த வேலி இன்னும் முழுதாகச் சரியவில்லை. சில்லை விலை கொடுத்து வாங்கியவன், தன் உழைப்பின் விளைவை அதே வாசலில் கட்டிவைத்தவனாகின்றான்.

மலையகத்தின் முதியோர் இதனைக் கேட்டால் உடனே ஒரு சொல்லை நினைவு கூர்வர். அது 'துண்டு'. அந்நாளிலே ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போக விரும்பிய தொழிலாளி, துரையிடமிருந்து ஒரு சீட்டுப் பெற வேண்டும். இன்ன தொகையைச் செலுத்தினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று அதில் எழுதப்பட்டிருக்கும். கங்காணி கொடுத்த முற்பணம், கப்பற் செலவு, அரிசிக் கணக்கு எல்லாம் சேர்ந்த கடன் அது. துண்டு இல்லாதவனை வேறெந்தத் தோட்டமும் எடுக்காது.

இதில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது யாதெனில், அக்காலத்தில் துரைமாருக்கிடையே ஆட்களுக்காகக் கடும் போட்டி இருந்தது. தேயிலை பரவப் பரவ ஆட்கள் போதவில்லை. ஒரு தோட்டம் மற்றத் தோட்டத்தின் கங்காணிக்கு ஆசைகாட்டி, கூடுதலான முற்பணம் தந்து, ஆட்களை இழுத்துக்கொண்டது. பொருளியல் வேதத்தின்படி இத்தகைய போட்டியில் கூலி உயர்ந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. புதிய துரை கொடுத்த பணம் பழைய துரைக்கும் கங்காணிக்கும் போயிற்று; அது தொழிலாளரின் பெயரிலே கடனாக ஏறிற்று. போட்டி கூலியை உயர்த்தவில்லை. துண்டிலே எழுதிய தொகையை உயர்த்திற்று. இதுவே மலையக வரலாறு போட்டியைப் பற்றிக் கற்பிக்கும் முதற் பாடம்.

சம்பளம் பெறும் நிரலாளனும் கடனில் மூழ்கிய தோட்டத் தொழிலாளியும் ஒரே துன்பத்தை அனுபவிக்கின்றனர் என்று நாம் கூற வரவில்லை. அவ்வாறு கூறுவது நம் முன்னோரின் கண்ணீரை மலிவாக்குவதாகும். நாம் ஒப்பிடுவது துன்பத்தையன்று, பொறிமுறையை. 2025இல் நிகழ்ந்தவற்றை நோக்குக. அவ்வாண்டு செப்டெம்பரில், தன் சில்லுகளைப் பெருமளவிற் பயன்படுத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனத்தில் 10,000 கோடி டொலர் வரை முதலிட எண்ணுவதாக என்விடியா அறிவித்தது. மறு மாதம் ஏ.எம்.டி. அதே நிறுவனத்துக்கு, சில்லு வாங்க வாங்கத் தன் பங்குகளில் பத்திலொன்று வரை பெறும் உரிமையை அளிக்க உடன்பட்டது. விற்பவன் வாங்குபவனுக்கு முற்பணம் கொடுத்து இழுக்கும் இக்காட்சியை, கங்காணி முறையை அறிந்தவர் எவரும் அடையாளங் கண்டுகொள்வர்.

இரண்டாவது பாடமும் ஒன்றுண்டு. மேலே போட்டியிடுவோர் கீழே ஒன்றுபடுவர் என்பதே அது. கொழும்பு ஏலத்திலே 1883 முதல் தேயிலைகள் ஒன்றோடொன்று விலைக்குப் போட்டியிட்டு வந்துள்ளன. ஆனால் தோட்டத் துரைமார் 1854இலேயே கண்டியில் தமக்கொரு சங்கம் அமைத்துவிட்டனர். 1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்ற பின்னும், ஏலத்தில் எதிரெதிராய் நின்ற கம்பனிகள் சம்பளப் பேச்சு மேசையிலே ஒரே பக்கத்தில் அமர்ந்தன. 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தொழிலாளர் எத்தனை ஆண்டு காத்திருந்தனர்! 2021இல் சம்பளச் சபை அதனை நிர்ணயித்தபோது, கம்பனிகள் ஒருங்கே நீதிமன்றம் சென்றதையும் நாம் கண்டோம்.

சில்லுக் களத்திலும் இத்தகைய ஒருமைப்பாட்டைக் காணலாம். என்விடியாவும் ஏ.எம்.டி.யும் தம் உயர்ந்த சில்லுகளைத் தாமே வார்ப்பதில்லை. இரண்டுக்கும் அவற்றை வார்த்துக் கொடுப்பது 1987இல் தைவானிலே தோன்றிய டி.எஸ்.எம்.சி. என்னும் ஒரே ஆலை நிறுவனம். இரு கம்பனிகளின் தலைவர்களான ஜென்சன் ஹுவாங், லிசா சூ ஆகிய இருவரும் தைவானிற் பிறந்தவர்கள், உறவினருங்கூட. உறவைக் குற்றமாகக் கூறவில்லை. களம் எவ்வளவு குறுகியது என்பதற்காகக் கூறினோம். 2025 செப்டெம்பரில், நெடுநாட் போட்டியாளனான இன்டெல்லில் 500 கோடி டொலர் முதலிடுவதாக என்விடியா அறிவித்தது. போட்டியாளன் போட்டியாளனுக்குப் பங்காளியாகின்றான். இது எந்த வகைப் போட்டி என்பதை வாசகரே தீர்ப்பாராக.

இனி, இப்போட்டியின் பயன் மலையகத்துக்கு எவ்வளவு எட்டிற்று என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 2025 சனவரியில் என்விடியா வெளியிட்ட உயர்தர விளையாட்டு அட்டையின் அறிவித்த விலை 1,999 டொலர். டொலருக்கு ஏறத்தாழ 300 ரூபா எனக் கொண்டால் ஏறக்குறைய 6 இலட்சம் ரூபா. அவ்வேளை தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. ஆக, உண்ணாமல் உடுக்காமல் 444 நாட்கள் கொழுந்தெடுத்தால் ஓர் அட்டை வாங்கலாம். அதுவும் விளையாட்டு அட்டை. செயற்கை நுண்ணறிவுக்கென விற்கப்படும் சில்லின் விலை இதனினும் பன்மடங்கு. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கிய நீரால் பிறந்த மின்சாரம் கொழும்பை ஒளிரச் செய்த காலத்தில், அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த லயன்கள் நெடுநாள் மண்ணெண்ணெய் விளக்கோடு இருந்தன. ஆற்றல் பிறப்பது ஓரிடம், பயன்படுவது வேறிடம் என்ற விதி இன்னும் மாறவில்லை.

இவற்றையெல்லாம் கண்ட நம் முற்போக்கு வட்டாரத்திலே இருவகைப் பிழைகள் நிலவுகின்றன. ஒரு சாரார் இயந்திரத்தை வழிபடுகின்றனர். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி மலையகப் பிள்ளையும் உலகப் பிள்ளையும் சமம் என்கின்றனர். கருவி கிடைத்தலும் கருவியை உடைமையாகப் பெறுதலும் வேறு வேறு என்பதை இவர்கள் மறந்துவிட்டனர். மற்றொரு சாரார் இயந்திரத்தையே வெறுக்கின்றனர். இது முதலாளியின் மாயை, நாம் தொடலாகாது என்கின்றனர். இவர்களிடம் ஒன்று கேட்போம். இரயில் பாதை தோட்ட விளைபொருளைக் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே போடப்பட்டது. அதே இரயிலில்தான் தொழிற்சங்கத் தோழனும் துண்டுப் பிரசுரமும் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தன அல்லவா? கருவியின் பிறப்பு அதன் விதியை முற்றாக முடிவு செய்வதில்லை.

அவ்வாறாயின் துண்டு எவ்வாறு ஒழிந்தது? போட்டி முற்றிப் பழுத்து ஒழிந்ததன்று. பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் எழுப்பிய குரலும், இந்தியாவிலிருந்து எழுந்த நெருக்குதலும் சேர்ந்து, 1921இல் சட்டம் அதனை ஒழித்தது. சட்டம் வந்த பின்னும் அச்சம் ஒழியவில்லை. கோ. நடேசையர் பத்திரிகையாலும் பிரசுரத்தாலும் தொழிலாளிக்கு அவன் உரிமையை அவன் மொழியிலே எடுத்துரைத்தார். அவரும் மீனாட்சி அம்மையும் தோட்டந்தோறும் சென்றனர். 1931இல் ஹட்டனில் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. சட்டம், அறிவு, அமைப்பு என்னும் மூன்றும் கூடியே துண்டைக் கிழித்தன.

இன்றைய துண்டுக்கும் இவை மூன்றுமே மருந்து. நிரலை எந்தச் சில்லிலும் ஓட்டும் உரிமை சட்டத்தால் காக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்களிலே பொதுவுடைமையான கணிப்பு வசதி அமைய வேண்டும். அதன் வாயில் தோட்டப் பாடசாலை மாணவனுக்கும் திறந்திருக்க வேண்டும். திறந்த மென்பொருளை நாம் ஆதரிக்க வேண்டும். 2025 சனவரியில் சீனத்து 'டீப்சீக்' தன் அறிவு மாதிரியை எவரும் இறக்கிப் பயன்படுத்துமாறு வெளியிட்டபோது, ஒரே நாளில் என்விடியாவின் மதிப்பு ஏறக்குறைய 60,000 கோடி டொலர் சரிந்தது. திறந்த வாசலைக் கண்டு வேலிக்காரன் எவ்வளவு அஞ்சுகின்றான் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? ஆனால் டீப்சீக்கும் ஒரு கம்பனியே. கம்பனியின் கொடையை உரிமையென மயங்கலாகாது.

எழுத்தாளராகிய நமக்கோ தனிப்பணி ஒன்று உண்டு. மொழியறியும் இவ்வியந்திரங்கள் எழுதப்பட்டவற்றிலிருந்தே கற்கின்றன. தமிழே அவற்றிற் சிறுபான்மை. அத்தமிழுக்குள் மலையகத் தமிழ் இன்னுஞ் சிறுபான்மை. பெரட்டு, செக்ரோல் என்னுஞ் சொற்களின் பின்னே ஒரு மக்களின் இரு நூற்றாண்டு வாழ்வு நிற்கின்றது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தளித்திராவிடின் அவற்றிற் பல இன்று எங்கே? 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம், நம் நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்குமாறு காத்து வருகின்றது. அப்பணியை நாம் பெருக்க வேண்டும். பெருக்கும்போதே, இச்சொற்செல்வம் யாருடைய சில்லில், யாருடைய இலாபத்துக்காக அரைபடும் என்ற வினாவையும் கேட்க வேண்டும். கொழுந்தைப் போலவே சொல்லையும் பச்சையாக அனுப்பிவிட்டு, பொட்டலத்தில் அடைத்து வந்ததை விலைக்கு வாங்கும் மக்களாக நாம் இருந்துவிடலாகாது.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இன்று நிறம் பிரிக்கும் பொறிகள் உள்ளன. ஒளிப்படக் கண்ணால் தூளையும் தண்டையும் நொடியில் வேறுபடுத்தி, காற்றால் ஊதித் தண்டை ஒதுக்குகின்றன. முன்பு பெண்கள் குந்தியிருந்து கையாற் பொறுக்கிய வேலை அது. காணும் பொறி மலைக்கு வந்துவிட்டது. இன்னும் கூர்மையான கண்களோடு நாளை கொழுந்து மலைக்கும் வரும். எந்தக் கம்பனியின் சில்லு அக்கண்ணுக்குள் இருக்கும் என்பது பந்தயம் பார்ப்போரின் கவலை. நம் கவலை வேறு. தண்டைக் காணும் அக்கண், கொழுந்து நிறுக்கும்போது தராசையும் காணுமா? கழிக்கப்படும் கிலோவைக் கண்டு தொழிலாளியின் பக்கம் நின்று சான்று கூறுமா? அதனைக் கூறுமாறு கட்டளையிடும் அதிகாரம் யார் கையில் இருக்கும்?

போட்டி இதற்கு விடை தராது. நூறாண்டுக்கு முன்னும் அது தரவில்லை. விடை தர வேண்டியவர்கள் தராசின் முன்னே கூடையோடு நிற்பவர்களும், அவர்களோடு நிற்கத் துணிந்த நாமுமே.